சாரணர் தலைவருக்கு ‘முடியாது’ என்று சொல்லத் தெரிய வேண்டும்

1

காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது வசந்தியின் குரல் செய்தி வந்தது. சத்தத்தைக் குறைத்து, போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன்.

“யக்கா, எப்டி கீற? நம்ம இஸ்கூல்ல சாரணர் குரூப்ப மறுபடி ஆரம்பிக்கச் சொல்றாங்கோ. நான்தான் பாத்துக்கணுமாம். புக்கு ஒண்ணு குட்துகீறாங்க. படிச்சேன். முடிச்சு எப்டி போடறது, கொடி எப்டி ஏத்தறதுன்னு எல்லாம் கீது. பசங்கள எப்டி வச்சிக்கிறதுன்னு ஒன்னியும் இல்ல. நீ இங்க பண்ண, அங்க போயும் பண்ணிகினு கீற. எழுதி அனுப்புக்கா. பிஸ்கோத்து மாரி எழுதாத. நெஜத்த எழுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள். வசந்தி மெதுவாகப் பேசினாலும் காசிமேட்டு மீன் ஏலம்போலத்தான் இருக்கும்.

நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். வீடு எம்.கே.பி. நகர். கல்யாணத்துக்கு முன் அந்தப் பள்ளியின் சாரணர் குழுவை நான் நடத்தினேன். வசந்தி வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமைகளில் எனக்குத் துணையாக வருவாள். சம்பளம் கிடையாது. இருவருக்கும் அது வேண்டுதல் மாதிரி. பிறகு என் கணவருக்குக் கனடாவில் வெல்டிங் வேலை கிடைத்தது. கைக்குழந்தையோடு இங்கே, இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து சேர்ந்தோம். இப்போது நான் ஒரு பெரிய கடையின் ரொட்டிப் பிரிவில் வேலை செய்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் இங்குள்ள பிள்ளைகளுக்குச் சாரணர் தலைவராக இருக்கிறேன்.

இருக்கிறேன் என்று எழுதிவிட்டேன். வசந்தியின் செய்தி வந்த அந்த வாரம் நான் இல்லை. என் குழுவுக்குள் நானே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் நிஜத்தைக் கேட்டாள். நிஜம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2

எல்லாம் ஹோட்டல் என்ற ஒரு வார்த்தையால் வந்தது.

இலைகள் நிறம் மாறுகிற பருவத்தில் பிள்ளைகளை ஊருக்கு வெளியே உள்ள மலைச்சரிவுக்கு நடத்திக் கூட்டிப்போவது எங்கள் குழுவின் வழக்கம். இந்த முறை ஏற்பாடு என் பொறுப்பு. பெற்றோர் எல்லாருக்கும் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினேன்: தண்ணீர் கொண்டு வரவும், நல்ல ஷூ போட்டு வரவும், நடை முடிந்ததும் பிள்ளைகளை ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போவோம், அதன் பிறகு வீட்டில் விடுவோம்.

நம் ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு இதில் என்ன தப்பு என்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை. ஹோட்டல் என்றால் நமக்கு இட்லி, வடை, கை கழுவும் இடம், பில் எழுதும் ஆள். இங்கே ஹோட்டல் என்றால் அறை, கட்டில், பூட்டுகிற கதவு.

லியாம் என்ற பையனின் அப்பா கிரெக். தீயணைப்புத் துறையில் வேலை. நல்ல உயரம், அதிகம் பேசமாட்டார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக மேலே புகார் செய்துவிட்டார்: என் மகனை இந்த அம்மா எங்களிடம் அனுமதி கேட்காமல் ஹோட்டலுக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறார்.

மாவட்டப் பொறுப்பாளர் லிண்டா போன் செய்தபோது நான் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். லிண்டா ஓய்வுபெற்ற நர்ஸ். ஊசி போடுவதற்கு முன் பேசுகிற மாதிரிதான் எப்போதும் பேசுவார்.

“நீ தப்பாக எதுவும் நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் புகார் வந்தால் விசாரிக்க வேண்டும். அதுவரை நீ பிள்ளைகள் பக்கம் வரக்கூடாது. விதி அப்படி.”

“சாப்பிடுற இடத்தைத்தான் நான் அப்படிச் சொன்னேன் லிண்டா.”

“தெரியும். இருந்தாலும் விதி.”

கோபம் எனக்கு அந்த விதிமேல் இல்லை. வசந்தி, இதை நன்றாகக் கேட்டுக்கொள். இந்த விதி நம்ம ஊரில் எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. நீயே போட்டுக்கொள். ஒரு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக ஒரு அறையில் இருக்கக்கூடாது. அது நீயாக இருந்தாலும் சரி, தலைமை ஆசிரியராக இருந்தாலும் சரி, வெள்ளைச் சட்டை போட்ட யாராக இருந்தாலும் சரி. முகாமுக்குப் போனால் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர். பிள்ளைகளும் கழிவறைக்குக்கூட ஜோடியாகப் போகட்டும். யாராவது ஒரு பிள்ளை “எனக்கு அந்த சார்கிட்ட போகப் பிடிக்கல” என்றால், ஏன் பிடிக்கவில்லை என்று விவாதம் பண்ணாதே. முதலில் நிறுத்து, பிறகு விசாரி. நாளைக்கு உன்மேலேயே புகார் வந்தாலும் விசாரிக்கட்டும் என்று நில். பிள்ளைகளுக்கு அதுதான் வேலி.

ஆகவே நான் விலகி நின்றேன். அதில் எனக்கு அவமானம் இல்லை. அவமானம் வீட்டில் காத்திருந்தது.

என் மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. அவளும் இதே குழுவில்தான் இருந்தாள். பள்ளியிலேயே விஷயம் அவள் காதுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பையைக் கீழே போட்டாள்.

“அம்மா, ஏன் ஹோட்டல்னு எழுதின? ரெஸ்டாரன்ட்னு எழுதத் தெரியாதா?”

“நம்ம ஊர்ல ஹோட்டல்னுதான்டி சொல்லுவோம்.”

“இது நம்ம ஊர் இல்ல. இது என் ஊர்.”

அவள் இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் தமிழில் பதில் சொன்னேன். எங்கள் வீட்டுப் பேச்சு பல வருடமாக இப்படித்தான் நடக்கிறது. ஒரே தெருவின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே பேசுவது மாதிரி.

“நீயே விலகிடு, ப்ளீஸ். எல்லாரும் உன்ன மாதிரி பேசிக் காட்டுறாங்க,” என்றாள்.

எப்படிப் பேசிக் காட்டுகிறார்கள் என்று கேட்டேன். அவள் செய்து காட்டவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

3

பேசிக் காட்டுவது எனக்குப் புதிதா? வடசென்னைக்காரிக்கு அதையெல்லாம் கனடா வந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

எங்கள் திருவொற்றியூர்க் குழு முதன்முதலாக ஊருக்கு வெளியே ஒரு பெரிய முகாமுக்குப் போனது. அங்கே எங்கள் பிள்ளைகள் வாயைத் திறந்தாலே மற்ற பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். “இன்னா”, “கீது”, “வந்துகினு” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார்கள். சினிமாவில் அப்படிப் பேசினால் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள். எண்ணூர்க் குப்பத்துக் கஸ்தூரி எங்கள் அணித் தலைவி. பன்னிரண்டு வயது. அவள் அப்பாவுக்கு முகத்துவாரத்தில் மீன்பிடிப்பு. அவள் அன்று மாலைக்குள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். கட்டளை சொல்ல வேண்டிய இடத்தில் கையை ஆட்டிக் காட்டினாள்.

நான் அவளைத் தனியே கூப்பிடவில்லை. எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன்: “கஸ்தூரி, ஒன் வாயால சொல்லு. வூட்ல எப்டி சொல்லுவியோ அப்டியே சொல்லு. நம்ம பசங்களுக்குப் புரிஞ்சா போதும்.”

“குந்துங்கடா!” என்று கத்தினாள். எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். பக்கத்துக் குழுவில் நாலைந்து பிள்ளைகளும் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு முகாம் முடியும்வரை அவள் வாய் ஓயவில்லை.

புத்தகத்தில் “தூய தமிழில் கட்டளையிடுக” என்று எழுதியிருந்தால், வசந்தி, அந்த வரியை விட்டுவிடு. பிள்ளையின் நாக்கைத் திருத்துவது நம் வேலை இல்லை. அந்த நாக்கோடு அவள் முன்னால் வந்து நிற்க வேண்டும், அதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

இன்னொன்று. சனிக்கிழமை காலை வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் நாஸ்தா சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஷூ இல்லை, சீருடை இல்லை என்று யாரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பாதே. முதலில் சாப்பிட்டாயா என்று கேள். சாப்பிடாத பிள்ளையை ஓடவிட்டு, மயங்கி விழுந்த பிறகு முதலுதவி சொல்லிக் கொடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

4

இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். நீ அவர்களிடம் இதைப் படித்துக் காட்டு.

ஒரு மழைக்காலம் முடிகிற சமயத்தில் எண்ணூர் முகத்துவாரத்து ஆற்றில் எண்ணெய் கலந்தது. எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டினார்கள். குப்பத்துப் படகுகளின் வயிற்றில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. கஸ்தூரியின் அப்பா வலையைத் தூக்கிக் காட்டினார். தாரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் வரைக்கும் நாற்றம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே வாய்ப்பாடு சொன்னார்கள்.

சில நாளில் ஓர் அதிகாரி பள்ளிக்கு வந்தார். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதிகாரி சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

“உங்க சாரணர் பசங்க நாளைக்குக் காலையில ஆத்தங்கரைக்கு வரணும் மேடம். பக்கெட், மக்கு நாங்க தர்றோம். பசங்க எண்ணெய அள்ளுறாங்க, டிவிக்காரங்க எடுக்கிறாங்க. எல்லாருக்கும் சான்றிதழ்.”

“கையில என்ன போட்டுக்குவாங்க சார்?” என்று கேட்டேன்.

“என்ன போடணும்? கரையோரமாத்தானே நிக்கப்போறாங்க.”

“காலுக்கு?”

அவர் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் மேஜையைப் பார்த்தார்.

“சாரணர்னா சேவைதானே மேடம்? சேவைக்கு வரமாட்டேன்னு சொல்றீங்களா?”

“சேவைக்கு வருவாங்க சார். இது சேவை இல்ல. பெரிய ஆளுங்களே உடம்பு மூடுற உடுப்பும் பூட்சும் போட்டுகினு இறங்க வேண்டிய எடம். அந்த எண்ணெய ஊத்தினவங்க அள்ளட்டும். எங்க புள்ளைங்க கையில அது படாது.”

வாயில் தானாக “போட்டுகினு” வந்துவிட்டது. அவர் உதடு லேசாக வளைந்ததைப் பார்த்தேன். அந்த வளைவு எனக்கு நல்லதுதான் பண்ணியது. நிமிர்ந்து நின்றேன்.

“முடியாது சார்,” என்று நேராகவே சொன்னேன்.

அதிகாரியிடம் சொல்வதுகூடச் சுலபம். வெளியே வந்தால் பிள்ளைகள். டிவி வருகிறது என்று அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. சிலர் கழுத்துக்குட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டே வைத்துவிட்டார்கள்.

“மிஸ், டிவில வருவோம் மிஸ்!”

“நம்ம ஆறுதானே மிஸ், நாமதானே அள்ளணும்?” இது கஸ்தூரி. அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அது படம் எடுக்கிற விஷயம் இல்லை. அவள் அப்பாவின் வலை.

அவளிடம் நான் கதை சொல்லவில்லை. “நம்ம ஆறுதான். அதனாலதான் ஒன்ன இறக்க மாட்டேன். ஆத்துக்கு ஆனது ஒனக்கும் ஆவணுமா?” என்றேன்.

அவள் என்னோடு பேசவில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்காத முடிவையும் தலைவர் எடுக்கத்தான் வேண்டும். அன்றைக்கு அவர்களுக்கு நம்மைப் பிடிக்காது. அதைத் தாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

மறுநாள் வேறு ஏதோ ஓரிடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து படம் எடுத்தார்கள். நீயும் நானும் நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். படகு கடலுக்குப் போகாததால் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்தத் தெருவில் பெரிய பாத்திரம் வைத்துக் கஞ்சி காய்ச்சினோம். பெரிய பிள்ளைகள் ஊற்றிக் கொடுத்தார்கள். சின்னவர்கள் குப்பத்துக் குழந்தைகளை வைத்து விளையாட்டுக் காட்டினார்கள். அம்மாக்கள் போய் அதிகாரிகள்முன் நின்று நியாயம் கேட்டுவிட்டு வந்தார்கள். குழந்தையை யாரிடம் விடுவது என்ற கவலை அன்று அவர்களுக்கு இல்லை. சேவை என்றால் எனக்கு அதுதான். அதை எந்த டிவியும் எடுக்கவில்லை.

5

விலை இல்லாமல் இல்லை. அடுத்த வாரமே பள்ளி மைதானம் எங்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டால் “மராமத்து வேலை” என்றார்கள். மைதானத்தில் மராமத்து பண்ண என்ன இருக்கிறது? நாலு வேப்பமரம்.

குழு கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வசந்திதான் விடவில்லை.

“இன்னாக்கா, மைதானம் இன்னா அவங்க வூட்டு சொத்தா? எங்க அண்ணன் வேல செய்ற ஐஸ் கம்பெனி வாசல்ல எடம் கீது. கொஞ்சம் வழுக்கும். பசங்க உஷாராய்டுவாங்க.”

அந்த ஐஸ் கம்பெனி வாசல் ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே. மீன் லாரி வரும், கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும், காலுக்குக் கீழே எப்போதும் ஈரம். திருவொற்றியூரிலிருந்து பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தோம். முடிச்சுப் போட எங்களிடம் இருந்தது பள்ளிக் கயிறு. அங்கே ஓரமாகக் குவிந்து கிடந்தது படகுக் கயிறு. கைக்கு அடங்காத அந்தக் கயிற்றில் முடிச்சுப் பழகிய பிள்ளைகளுக்கு அதன் பிறகு எந்தக் கயிறும் நூல்தான்.

முதல் சனிக்கிழமை பாதிப்பேர்தான் வந்தார்கள். கஸ்தூரி வரமாட்டாள் என்று எண்ணியிருந்தேன். அவள் அம்மாவோடு வந்தாள். அந்த அம்மா இடுப்பில் கூடையோடு நின்றபடியே சொன்னார்:

“டீச்சரம்மா, அந்த எண்ணெ அள்ளப் போன எங்க வூட்டுக்காரருக்குக் கையெல்லாம் கொப்பளம். நீ எம் பொண்ண இறக்காத உட்ட. அவ ஒன்மேல கோவமா கீறா. நான் இல்ல. இவ எங்கியும் போவ மாட்டா, இங்கதான் வருவா.”

கஸ்தூரி என்னைப் பார்க்காமல் போய் வரிசையில் நின்றாள். அது எனக்குப் போதும்.

6

இங்கே விசாரணை ஒரு மாலையில் நடந்தது. லிண்டா, குழுவின் இன்னொரு தலைவர், கிரெக், நான். எல்லார் கையிலும் காபி. யாரும் குடிக்கவில்லை.

ஹோட்டல் என்றால் எங்கள் ஊரில் என்ன என்று சொன்னேன். நாங்கள் சாப்பிடப் போக இருந்த இடத்தின் பெயரையும் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அது தீர்ந்துவிட்டது. கிரெக் தலையை ஆட்டினார்.

“எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மன்னிக்கணும்,” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “ஆனால் உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் பேசுவது பாதி நேரம் எனக்குப் புரிவதில்லை. காட்டில் ஏதாவது ஆபத்து வந்தால், என் மகனுக்கு நீங்கள் சொல்வது புரியுமா? என் வேலையில் ஒரு வார்த்தை தவறினால் உயிர் போகும்,” என்றார்.

கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. கெட்ட மனதுக்காரருக்குப் பதில் சொல்வது எளிது.

லிண்டா உடனே இடையில் புகுந்தார். எல்லாருக்கும் நல்லதாக ஒரு வழி வைத்திருக்கிறேன் என்றார். நான் பொருட்கள் வைக்கும் அறையைப் பார்த்துக்கொள்ளலாம். கூடாரம், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்க என்னைவிடச் சிறந்த ஆள் இல்லையாம். பிள்ளைகளோடு நேரே பேசும் வேலையை வேறொருவர் செய்யட்டும். நான் ஓர் ஆங்கில வகுப்புக்குப் போய்விட்டு, அடுத்த வருடம் பார்க்கலாம்.

அன்பாகத்தான் சொன்னார். தோளில் கைகூட வைத்தார்.

என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். இங்கே கூட்டங்களில் யாரும் எழுந்து நிற்பதில்லை.

“முடியாது லிண்டா,” என்றேன். “நான் பாத்திரத்துக்குத் தலைவரா வரல. பிள்ளைகளுக்கு வந்தேன். நான் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, போயிடறேன். அறைக்குள்ள வச்சுப் பூட்டாதீங்க.”

பிறகு கிரெக்கிடம் திரும்பினேன்.

“நான் இந்த ஊருக்கு வந்தப்போ எனக்கு யார் பேசுறதும் புரியல. கடையில, டாக்டர்கிட்ட, பஸ்ல, எல்லா இடத்துலயும் திரும்பச் சொல்லுங்கன்னு கேட்டேன். உங்ககிட்டயே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். ஒரு தடவையும் வெட்கப்படல. நான் பேசுறது புரியலன்னா நீங்களும் கேளுங்க. கேட்கிறதுல ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க. ஆபத்து நேரத்துக்கு வார்த்தை வேண்டாம், விசில் இருக்கு. ஒரு விசிலுக்கு நிற்கணும், ரெண்டுக்கு என்கிட்ட வரணும். உங்க பையன் உட்பட எல்லாரும் அதைப் பழகியிருக்காங்க. பழக்கினது நான்தான்.”

இதெல்லாம் நான் பேசிய ஆங்கிலத்தில் இத்தனை ஒழுங்காக வந்திருக்காது. நடுவில் இலக்கணம் எத்தனை இடத்தில் உடைந்ததோ தெரியாது. உடையட்டும் என்றுதான் பேசினேன்.

கிரெக் தன் காபியைக் குடித்தார்.

“விசிலை நானும் பழகிக்கொள்கிறேன்,” என்றார்.

7

என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பெற்றோருக்கு நான் எழுதும் செய்தியை அனுப்புவதற்கு முன் இன்னொரு தலைவர் படித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நல்ல விதிதான். ஒருவர் எழுதி இன்னொருவர் படித்தால் தவறு குறையும். ஆனால் ஏன் எனக்கு மட்டும்? மறுநாளே லிண்டாவுக்குப் போன் செய்தேன்.

“ஒத்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் இதே விதி என்றால். உங்களுடைய செய்தியையும் நான் படிப்பேன்.”

லிண்டா “நியாயம்தான்,” என்றார்.

முதலில் என் பார்வைக்கு வந்தது லிண்டாவே எழுதிய செய்தி. குளிர்கால முகாமுக்குப் பிள்ளைகள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார். அதில் “டூக்” என்று ஒரு வார்த்தை. இங்கே பிறந்தவர்கள் கம்பளித் தொப்பிக்கு அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் குழுவில் சிரியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது, கேரளத்திலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பமும் இருக்கிறது. அவர்களுக்கு டூக் என்றால் என்ன தெரியும்? நான் வந்த முதல் குளிர்காலத்தில், அது ஏதோ சாப்பாட்டுச் சாமான் என்றல்லவா நினைத்தேன்.

“லிண்டா, இது யாருக்கும் புரியாது. தொப்பி என்று எழுதுங்கள்,” என்று பதில் அனுப்பினேன்.

“எல்லாருக்கும் தெரியுமே!” என்று எழுதினார்.

“ஹோட்டல் மாதிரியா?” என்று கேட்டேன்.

போனில் கூப்பிட்டுச் சிரித்தார். இருமல் வருகிறவரை சிரித்தார். வார்த்தையை மாற்றினார்.

தன் பேச்சுதான் உலகத்துக்கே பொது என்று ஒவ்வொரு ஊர்க்காரரும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வசந்தி, உன் குழுவில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள் இல்லையா? இப்போது எண்ணூர்ப் பக்கம் நிறைய இருக்கிறார்களே. அவர்களின் அப்பா அம்மாவுக்கு நீ சொல்வது புரிந்ததா என்று ஒரு தடவை கேட்டுப் பார். நமக்கு நடந்ததை நாம் இன்னொருவருக்கு நடத்த வேண்டாம்.

8

யாழினி குழுவிலிருந்து விலகிவிட்டாள்.

நான் ஜெயித்து வந்த பிறகு அவள் மனம் மாறும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன். மாறவில்லை. ஒருநாள் சமையலறையில் வந்து நின்று, நீச்சல் அணியில் சேரப்போவதாகச் சொன்னாள். நீச்சல் பயிற்சியும் எங்கள் கூட்டமும் ஒரே நாளில்.

“என்னாலயா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லாத பிள்ளை அவள்.

“கொஞ்சம் உன்னால. நிறைய நீச்சலால,” என்றாள். பிறகு, தமிழில், எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி, “உன்ன பிடிக்காம இல்ல,” என்றாள்.

அவளை இழுத்துப் பிடிக்கவில்லை. பிடித்தால் வருவாள், வந்து ஒரு மூலையில் நிற்பாள். தலைவராக இருக்கும் அம்மாவிடமிருந்து பெற்ற பிள்ளையே தப்பிக்க விரும்பினால், விட்டுவிடுவதுதான் முறை. இதைச் சுலபமாக எழுதுகிறேன். சுலபமாக நடக்கவில்லை. அவளுடைய கழுத்துக்குட்டையை மடித்து அலமாரியில் வைத்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

இந்த ஊரில் பெற்றோர் தங்கள் பிள்ளை குழுவில் இருக்கிறவரைதான் தலைவராக இருப்பார்கள். பிள்ளை விலகினால் ஒரு கேக் வெட்டி நன்றி சொல்லி அனுப்புவார்கள். பருவத்தின் கடைசிக் கூட்டத்துக்கு முன் லிண்டா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“யாழினி இல்லையே. நீ இதைத் தொடர்ந்து செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். கேக்குக்குச் சொல்லட்டுமா?”

“எங்க ஊர்ல நான் இதை ஆரம்பிச்சப்போ எனக்குக் கல்யாணமே ஆகல லிண்டா,” என்றேன். “அங்க வந்த ஒரு பிள்ளையும் என் பிள்ளை இல்ல. அதுக்காக யாரும் என்னைப் போகச் சொல்லல. இங்கயும் போக மாட்டேன். கேக் வேணும்னா வெட்டுங்க. சாப்பிட்டுட்டு அடுத்த வாரம் வருவேன்.”

லிண்டா தன் சாவிக் கொத்திலிருந்து கூடத்தின் சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இனிமேல் நானே கதவைத் திறந்துகொள்ளலாம்.

உள்ளே பிள்ளைகள் வந்து சேர்ந்திருந்தார்கள். புதிதாக ஒரு சின்னப் பெண், அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். எந்த நாட்டுப் பிள்ளையோ தெரியவில்லை. அந்த அம்மா ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல முயன்று, பாதியில் நிறுத்தி, மன்னிக்கணும் என்கிற மாதிரி கையை விரித்தாள்.

“மெதுவா சொல்லுங்க,” என்றேன். “எனக்கு நேரம் இருக்கு.”